யாருக்காகவோ செய்த உதவி: இயற்கையில் விலங்குகள் படும் பாடு

சித்திரை வருசம் நெருங்க நெருங்கக் கொழும்பில் குயில் கூவத் தொடங்கிவிடும். வெள்ளவத்தையில் காலி வீதி பஸ்களின் இரைச்சலுக்குள்ளும் அது கேட்கும். பலகாரச் சட்டி அடுப்பில் ஏறும் காலம் என்பதால் நமக்கு அது கொண்டாட்டச் சத்தம். காகத்துக்கு அது அவ்வளவு நல்ல காலமில்லை. கூவுவது ஆண் குயில். அந்த நேரத்தில் பெண் குயில் காகக் கூடுகளைத் தேடிக்கொண்டிருக்கும். அது இட்டுவிட்டுப் போகும் முட்டை, காகத்தின் முட்டைகளை விடச் சில நாட்கள் முந்திப் பொரிக்கும். முந்திப் பொரித்த குஞ்சுதான் முந்தி வாயைத் திறக்கும், பலமாகக் கத்தும். பின்னால் வரும் காகக் குஞ்சுகள் இரைக்குக் கழுத்தை நீட்டி நீட்டியே மெலிந்து கூட்டுக்குள் செத்துப்போவது சாதாரணம். இதில் தாய்க்காகத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, குயிலையும் திட்ட முடியாது. ஆனால் சாகிற குஞ்சுக்குப் பசி பசிதான்.

குயில் வராத கூட்டிலும் நிலைமை பெரிதாக மாறிவிடாது. சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு காகச் சோடி வருடத்துக்கு 4 முட்டை வீதம் 10 வருடம் இட்டால் 40 முட்டை. ஊரில் காகங்களின் தொகை கூடாமல் குறையாமல் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த 40 இல் தாய் தகப்பன் இடத்தை நிரப்ப 2 மிஞ்சினால் போதும். மற்ற 38 உம் குஞ்சு போடும் வயதைக் காணாமலேயே போகின்றன. முட்டையாக உடைவது சில, பசியில், மழையில், பூனை வாயில் போவது மிச்சம். காகமாவது குஞ்சைப் பார்த்து வளர்க்கிற இனம். கடலாமை ஒரு தடவையில் 100 முட்டை அளவில் மணலில் புதைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விடும். ஆயிரத்தில் ஒன்றுதான் பெரிய ஆமையாகும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. தவளை ஆயிரக்கணக்கில் இடும். கடல் மீன்களில் சில இலட்சக்கணக்கில் இடும்.

தேசியப் பூங்காவில் ஜீப்பில் இருந்து நாம் பார்ப்பது தப்பிப் பிழைத்த அந்த இரண்டைத்தான். கொழுத்த மான், குளத்தங்கரையில் யானை, மரத்தில் மயில். பிழைக்காதவை படத்தில் விழுவதில்லை. இயற்கை என்றாலே அமைதி, சமநிலை, சுதந்திரம் என்று நமக்கு ஒரு எண்ணம் ஊறிப்போயிருப்பதற்கு இந்தப் பார்வைக் கோளாறும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

சார்ல்ஸ் டார்வினுக்கு அந்த மயக்கம் இருக்கவில்லை. 1860 மே மாதம் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதிய கடிதத்தில், உயிரோடிருக்கும் கம்பளிப்புழுவைத் தன் குஞ்சுகள் உள்ளிருந்தே தின்ன விடும் குளவியைக் காட்டி, அன்பே உருவான கடவுள் ஒருவர் இதை வேண்டுமென்றே படைத்தார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என்றார். கம்பளிப்புழுவுக்கு வலிக்குமா என்பது இன்றைக்கும் முடியாத வழக்கு. மீன் விஷயத்தில் அறிவியல் ஓரளவு நகர்ந்திருக்கிறது. 2003 இல் ஸ்கொட்லாந்தில் டிரவுட் மீன்களின் உதட்டில் எரிச்சல் தரும் திரவத்தை ஏற்றிப் பார்த்தபோது, அவை இரை தின்பதை நிறுத்தின, உதட்டைத் தொட்டியின் கல்லில் தேய்த்தன; வலி மருந்து கொடுத்ததும் அந்த நடத்தை குறைந்தது. பிரித்தானியா 2022 இல் இயற்றிய விலங்கு உணர்திறன் சட்டத்தில் நண்டு, இறால், கணவாய் எல்லாம் உணர்வுள்ள உயிர்களாகச் சேர்க்கப்பட்டன. புழு பூச்சியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பறவை, பாலூட்டி, ஊர்வன, மீன் என்று மட்டும் எடுத்தாலும் துன்பத்தின் அளவு மனதில் அடங்காது.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வன உயிர்ப் பாதுகாப்பு வேறு, வன உயிரின் நலம் வேறு. கொழும்பு 2018 இல், ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. உலகில் முதலாவதாக அந்தப் பட்டம் கிடைத்த 18 நகரங்களில் இதுவும் ஒன்று. தியவன்னா, தலங்கம, பெல்லன்வில–அத்திடிய என்று நகரைச் சுற்றிக் கிடக்கும் சதுப்புகளில் மீன்பிடிப் பூனை இன்னும் வாழ்கிறது. நல்ல விஷயம், பெருமைப்படலாம். ஆனால் பாதுகாப்பின் கேள்வி, எத்தனை பூனை மிஞ்சியிருக்கிறது என்பது. அந்த ஒரு பூனை சொறி பிடித்து, பல் உடைந்து, பட்டினியாகக் கிடக்கிறதா என்பது அதன் கணக்கில் வராது. இந்த இரண்டாவது கேள்விக்கென ஒரு தனித் துறை வேண்டும் என்று 1995 இல் கட்டுரை எழுதினார் மலேசியாவில் பிறந்த பொருளியலாளர் யூ-குவாங் இங். ‘நல உயிரியல்’ என்று அதற்குப் பெயரும் வைத்தார். பொருளியலாளருக்கு இதில் என்ன வேலை என்று கேட்டால், எண்ணிக்கையைக் கண்டதும் கூட்டிப் பார்க்காமல் இருக்க அவர்களால் முடியாது போலும்.

சரி, இதில் மனிதர் என்னதான் செய்ய முடியும்? ஒன்றும் முடியாது, இயற்கையில் கை வைக்கக் கூடாது என்பதுதான் வழக்கமான பதில். வேடிக்கை என்னவென்றால், கை எப்போதோ வைத்தாகிவிட்டது. காட்டு விலங்குகளுக்கு இதுவரை கிடைத்த மிகப் பெரிய உதவிகள் எல்லாம், விலங்குகளை நினைத்துச் செய்யப்படாதவை. நமக்காகச் செய்தோம், அவற்றுக்கும் கிடைத்தது.

மேற்கு ஐரோப்பாவின் நரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். விசர் நோய் நரிகளிடையே பரவி, நாய் வழியாக மனிதருக்கு வந்துகொண்டிருந்தது. நரிகளைச் சுட்டார்கள், வளைக்குள் நச்சுப்புகை அடித்தார்கள், நோய் நிற்கவில்லை. 1978 இல் சுவிற்சர்லாந்தில் கோழித் தலைகளுக்குள் தடுப்பு மருந்தை வைத்து ரோன் பள்ளத்தாக்கில் போட்டார்கள். நரி கோழித் தலையைத் தின்றது, தடுப்பு உடலில் ஏறியது. பிறகு இரை உருண்டைகளை விமானத்திலிருந்தும் போட்டார்கள். 1999 இல் சுவிற்சர்லாந்து விசர் நோயற்ற நாடானது. மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் நரி விசர் ஒழிந்தே போயிற்று. தண்ணீரை விழுங்க முடியாமல், வலிப்பு வந்து, தன்னையே கடித்துக்கொண்டு சாகும் சாவு அது. எத்தனை நரிகள் அதிலிருந்து தப்பின என்று யாரும் எண்ணவில்லை, அது அவர்களின் நோக்கமும் இல்லை.

இன்னொன்று, புழு வைத்த புண். கொழும்பில் தெரு நாய்களுக்குச் சோறு வைப்பவர்கள் எல்லாருக்கும் இது தெரியும். காதின் ஓரத்திலோ கழுத்திலோ சின்னக் கடிக்காயம். ஈ வந்து முட்டையிடும். இரண்டொரு நாளில் நாய் தலையைச் சாய்த்து உதறும், பின்னங்காலால் கீறப் பார்க்கும், நாற்றம் வரும். கிட்டப் போய்ப் பார்த்தால் துளைக்குள் வெள்ளைப் புழுக்கள் தலைகீழாக நெருக்கிக்கொண்டு நெளியும். அழுகிய சதையை அல்ல, உயிர்ச் சதையைத் தின்னும் புழு இது. மிருக வைத்தியரிடம் கொண்டுபோனால் மருந்து விட்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுப்பார். நாய்க்கு அதற்கு ஒரு ஆள் கிடைக்கிறது. மானுக்கும் பன்றிக்கும் யார் இருக்கிறார்கள்?

அமெரிக்கக் கண்டத்தில் இதே குடும்பத்து ஈ ஒன்று மாட்டுப் பண்ணைகளைச் சீரழித்தது. பெண் ஈ ஒரு புண்ணில் 200, 300 முட்டைகள் இட்டுவிடும். எட்வர்ட் நிப்லிங், ரேமண்ட் புஷ்லண்ட் என்ற இரண்டு பூச்சியியலாளர்கள் அதற்கொரு விசித்திரமான வழி கண்டார்கள். ஆண் ஈக்களைக் கதிர்வீச்சால் மலடாக்கிக் கோடிக்கணக்கில் பறக்க விடுவது. பெண் ஈ பெரும்பாலும் ஒரு தடவைதான் கூடும். மலட்டு ஆணோடு கூடினால் முட்டை பொரிக்காது. 1954 இல் கியூராசோ தீவில் ஈ ஒழிந்தது. அமெரிக்காவில் தொடங்கி, மெக்சிக்கோ தாண்டி, பனாமா வரை ஈயைத் துரத்திக்கொண்டு போனார்கள். 1988 இல் லிபியாவுக்குள் புகுந்த அதே ஈயும் 1991 க்குள் இந்த முறையாலேயே ஒழிக்கப்பட்டது. மாட்டுக்காரருக்காகச் செய்த வேலை. ஆனால் அந்த நிலப்பரப்பில் பிறந்த மான்குட்டிகள் எல்லாம் தொப்புள் புண்ணில் புழு வைக்காமல் எழுந்து நின்றன. 2016 இல் புளோரிடாவின் தென்கோடித் தீவுகளில் ஈ திரும்பவும் தலைகாட்டியபோது, அங்கே மட்டும் வாழும் குட்டை மான் இனத்தில் 135 செத்தன. மருந்து கலந்த பாண் துண்டுகளை மான்களுக்கு ஊட்டினார்கள், மலட்டு ஈக்களை விட்டார்கள், அலை அடங்கியது. பனாமாத் தடுப்பு 2023 க்குப் பிறகு உடைந்து, 2024 இல் ஈ மெக்சிக்கோவுக்கு வந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். இப்படியான உதவி ஒரு தடவை செய்து முடித்துவிடுகிற விஷயமில்லை.

அந்த ஈயின் உறவான, ஆசியா, ஆபிரிக்காவில் வாழும் ‘பழைய உலகத்து’ ஈ இங்கேயும் இருக்கிறது. இலங்கை ஒரு தீவு என்பது இந்த விஷயத்தில் நமக்குச் சாதகம். செலவு, தொழில்நுட்பம் எல்லாம் பெரிய கேள்விகள்தான்; ஆனாலும் யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கத் தகுந்த திட்டம்.

கணக்கு என்கிறபோது ஒரு சங்கடத்தைத் தாண்டிப் போக முடியாது. ஒரு துன்பத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் என்ன வந்து உட்காரும்? மாட்டு வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) ஆபிரிக்காவின் காட்டுமாடுகளையும் (வில்டபீஸ்ட்) கொன்றது. மாடுகளுக்குத் தடுப்பூசி போட்டதும் தான்சானியாவின் செரெங்கெட்டிப் புல்வெளியில் நோய் நின்றது. காட்டுமாடுகளின் தொகை 1970 களின் இறுதிக்குள் சுமார் 3 இலட்சத்திலிருந்து 13 இலட்சமாக ஏறியது. 2011 இல் அந்த நோய் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். நோயில் சாகும் கன்றுகள் இல்லாமல் போயின. ஆனால் தொகை ஏறி ஏறி எங்கே நின்றது? வரட்சிக் காலத்தில் புல் போதாமல் போகும் இடத்தில் நின்றது. அதாவது, ஒரு பகுதி சாவு நோயிலிருந்து பசிக்கு மாறியது. அதற்காக நோயையே விட்டிருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. சாவைத் தள்ளுவதோடு பிறப்பையும் சேர்த்து யோசிக்காத உதவி பாதி உதவிதான் என்கிறேன்.

பிறப்பை யோசித்துச் செய்த வேலைக்கு உதாரணம் தேடி அதிக தூரம் போக வேண்டாம். 2006 இல் இலங்கை அரசு தெரு நாய்களைப் பிடித்துக் கொல்வதை நிறுத்தியது. அடுத்த வருடம் கொழும்பு மாநகர சபையோடு சேர்ந்து புளூ போ டிரஸ்ட் என்ற விலங்கு நல அமைப்பு நகர நாய்களுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. பிறக்காத குட்டி லொறிச் சில்லில் அகப்படாது, மழையில் விறைக்காது. நாய் காட்டு விலங்கு இல்லையே என்று கேட்கலாம். ஆனால் நாய்க்கு வருவது நாயோடு நிற்பதில்லை. 1994 இல் செரெங்கெட்டியில் நாய்களிடமிருந்து பரவியதாகக் கருதப்படும் டிஸ்டெம்பர் நோய் அங்கிருந்த சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கைக் கொண்டுபோனது. சதுப்போரத்து வீடுகளில் நாய்க்கும் பூனைக்கும் ஊசி போடுவது, சதுப்புக்குள் இருக்கும் மீன்பிடிப் பூனைக்கும் சேர்த்துப் போடுவது போலத்தான். காட்டு விலங்குக்கே கருத்தடை செய்தும் பார்த்திருக்கிறார்கள்: அமெரிக்காவின் அசாடீக் தீவில் 1994 இல் தொடங்கிப் பல வருடங்கள் காட்டுக் குதிரைகளுக்கு தூரத்திலிருந்து ஊசி எய்தார்கள். தொகை கட்டுக்குள் வந்தது, வருடா வருடம் ஈனும் களைப்பு இல்லாததால் பெட்டைக் குதிரைகள் நீண்ட நாள் வாழவும் தொடங்கின.

இப்போது நம் வழக்கமான தருமங்களைப் பார்ப்போம். புரட்டாதிச் சனிக்கு எள்ளுச் சோறு காகத்துக்குப் போகும். அந்த ஒரு கவளத்தால் பெரிய தீங்கில்லை. காகத்தை உண்மையில் பெருக்குவது மூடாத குப்பைப் பைகள். காகம் பெருகினால் மற்றப் பறவைகளின் முட்டையும் குஞ்சும் போகும், காகக் குஞ்சுகளும் இன்னும் அதிகமாகப் பிறந்து இன்னும் அதிகமாகப் பட்டினி கிடக்கும். ஆகவே ஒரு லேனில் குப்பை வாளிக்கு மூடி போடுவது, பத்துப் பேர் பறவைக்குச் சோறு வைப்பதை விட நல்ல காரியமாக முடியலாம். கேட்க உப்புச்சப்பு இல்லாமல் இருக்கும், புண்ணியக் கணக்கிலும் ஏறாது.

யானை விஷயத்திலும் இப்படித்தான். ஊருக்குள் வரும் யானையைப் பிடித்துத் தூரத்துக் காட்டில் விட்டால் யானைக்கும் நல்லது, சனத்துக்கும் நல்லது என்று எல்லாரும் நினைத்தோம். அப்படி இடம் மாற்றிய 12 ஆண் யானைகளைக் கழுத்துப்பட்டி போட்டுப் பின்தொடர்ந்து, 2012 இல் இலங்கை ஆய்வாளர்கள் முடிவை வெளியிட்டார்கள். சில பழைய இடத்துக்கே திரும்பின, சில எங்கும் நிலைக்காமல் அலைந்தன. போன வழியெல்லாம் மோதலும் அதிகமானது, யானைச் சாவும் அதிகமானது. மாறாக, 1995 இல் தொடங்கிய உடவளவை யானைகள் இடைத்தங்கல் நிலையம் தாயிழந்த குட்டிகளை வளர்த்து, மனிதக் கை அதிகம் படாமல் வைத்திருந்து, கூட்டமாகக் காட்டில் விடுகிறது. இரண்டும் இரக்கத்தால் செய்த வேலைதான். வேறுபாடு, விலங்கு அடுத்த வருடம் எப்படி இருக்கும் என்பதை யோசித்ததில்.

மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்தோம். மயில் அதை உடுத்தாது, போர்த்தாது என்று தெரிந்தும் கொடுத்தான் என்பதுதான் அங்கே புகழ். கொடைக்கு அது அழகு, மயிலுக்குப் பயனில்லை. இலங்கையின் பழைய கதைகளில் எனக்குப் பிடித்தவர் நாலாம் நூற்றாண்டு அனுராதபுர அரசன் புத்ததாசன். வயிற்றில் கட்டியோடு கிடந்த நாகத்தைக் கண்டு, யானையிலிருந்து இறங்கி, அறுத்து மருந்து போட்டு விட்டான் என்கிறது சூளவம்சம். நடந்ததோ இல்லையோ, நோயைப் பார்த்துச் செய்த வைத்தியம் அது.

அப்போ கொழும்பில் பிளாட்டில் இருப்பவர் என்ன செய்யலாம்? ஐப்பசி தொடங்கும்போது இந்தியாவிலிருந்து கடல் தாண்டி ஆறுமணிக்குருவி வரும். பச்சை முதுகு, வாலடியில் சிவப்பு, கண்ணில் கறுப்புப் பட்டை. பறந்து களைத்து வந்து பல்கனியிலோ படிக்கட்டிலோ விழும், கண்ணாடியில் மோதும், எழும்ப முதல் காகங்கள் சூழ்ந்துவிடும். எடுத்து, காற்றுத் துளை போட்ட ஒரு காட்போட் பெட்டியில் துணி விரித்து வையுங்கள். மூடி, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில். வாயைப் பிளந்து தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். சோறும் பாணும் வேண்டாம், அது பூச்சி தின்னும் பறவை. காயமில்லாவிட்டால் சில மணித்தியாலங்களில் தெளிந்துவிடும். காகங்கள் அடங்கும் மாலை நேரத்தில் மரஞ்செடி உள்ள இடத்தில் விடலாம். சிறகு தொங்கினால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். பாவம் என்று கூண்டில் வைத்து வளர்க்கத் தொடங்கினால் அது சட்டப்படி குற்றமாகிவிடும். மோதலையே தடுக்க வேண்டுமென்றால், கண்ணாடியின் வெளிப்பக்கம் ஐந்து சென்ரிமீற்றர் இடைவெளியில் புள்ளிகளோ கோடுகளோ ஒட்ட வேண்டும். ஒரேயொரு பருந்துப் படம் ஒட்டுவதால் பலனில்லை.

கூரைக்குள் மரநாய் ஓடினால் சனம் முதலில் தேடுவது துவாரத்தை அடைக்க ஒரு மேசனை. உள்ளே குட்டிகள் இருந்தால் அவை அடைபட்டுப் பட்டினியில் சாகும், பிறகு வீட்டில் இருக்க முடியாத நாற்றம் வேறு. குட்டிகள் தாயோடு வெளியேறும் வரை சில வாரம் பொறுத்து, பிறகு அடைக்கலாம். வௌவாலுக்கு வேண்டியது மின்கம்பி மாற்றம். பழவௌவால் சிறகை விரித்து இரண்டு வெற்றுக் கம்பிகளைத் தொட்டால் அங்கேயே கருகித் தொங்கிவிடும். புறநகரில் ஊதாமுக மந்திகளும் இப்படிச் சாகின்றன. மின் திருட்டையும் இழப்பையும் குறைக்க என்று கொழும்பைச் சுற்றிய பல வீதிகளில் முறுக்கிய காப்புக் கம்பி போட்டார்கள். வௌவாலை யாரும் நினைக்கவில்லை, ஆனால் அந்தக் கம்பியில் வௌவால் கருகாது. திரும்பவும் அதே கதை.

மானைப் புலி பிடிப்பதையும் தடுக்கப் போகிறீர்களா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. இரைகொல்லியில் கை வைத்தால் பின்னால் என்ன வரும் என்று சொல்லும் அளவுக்கு யாருக்கும் அறிவு இல்லை. நோய், ஒட்டுண்ணி, கண்ணாடி, கம்பி, குப்பை என்று தெரிந்த இடங்களே இன்னும் தொடப்படாமல் கிடக்கின்றன.

இதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்றால், அதிகம் இல்லை. இலங்கையின் மிருகவதைத் தடைச் சட்டம் 1907 இல் வந்தது. அதன் தண்டப்பணம் கூடியது 100 ரூபா. ஒரு பிளேன்டீயும் வடையும் இப்போது அதை விடக் கூட வரும். அதைவிட முக்கியம், அந்தச் சட்டத்தில் மிருகம் என்பது வளர்ப்பு மிருகமும் பிடிபட்ட மிருகமும் மட்டுமே. 1937 ஆம் ஆண்டின் வன விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையையும் பிடிப்பதையும் தடுக்கிறது. துன்பம் அதன் விஷயமல்ல. பழைய சட்டத்துக்குப் பதிலாக விலங்கு நலச் சட்டமூலம் ஒன்று பல வருடங்களாக மேசைக்கு மேசை போய்க்கொண்டிருக்கிறது. அது நிறைவேறும் நாளில் தண்டப்பணத்தின் தொகையைப் பற்றித்தான் எல்லாரும் கதைப்பார்கள். மிருகம் என்ற சொல்லுக்கு அதில் என்ன வரைவிலக்கணம் எழுதியிருக்கிறது, காட்டில் கிடக்கும் காயப்பட்ட விலங்குக்கு அதில் இடம் உண்டா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.